இணைய மனையின் வழிப்பலகை



ஊர்விட்டு ஊர் வந்தவருக்கு முதல் துணை யார்? உறவினர் என்பர் சிலர். சொந்த ஊர்க்காரர் என்பர் வேறு சிலர். வழிப்பலகையே முதல் துணை என்போம் நாம். நம்முள் மூத்தோர் பலர், கையில் ஒரு தகரப் பெட்டியும், மடித்து வைத்த காகிதத்தில் ஒரு முகவரியுமாகப் பெங்களூர்க் கண்டோன்மென்ட் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள். எதிரே நின்ற பலகைகளில் கன்னட எழுத்து இருந்தது; ஆங்கில எழுத்து இருந்தது. இரண்டும் படிக்க அறியாதவர் பேருந்து எங்கே போகிறது என்பதையும் பிறரைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முகம் கோணாமல் கை நீட்டி வழி சொன்ன கன்னட அன்பரை இன்றளவும் நன்றியோடு நினைப்போர் நம்மிடையே உளர். நாளடைவில் கன்னடம் பழகிற்று, ஊரும் நமதாயிற்று. ஆயினும் அந்த முதல் நாளின் திகைப்பை மறந்தவர் எவரும் இலர்.

அதே திகைப்பு இன்று வேறு வடிவில் நம் வீடுகளுக்குள்ளேயே வந்து நிற்கிறது. வங்கியும், பள்ளியும், மின்சார அலுவலகமும், ஏன், நம் சங்கமுங்கூட, இணையத்தில் ஒரு மனை கட்டி வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றன. அம்மனைக்கும் ஒரு வழிப்பலகை உண்டு. பக்கத்தின் தலைப்பில் வரிசையாக நிற்கும் ‘முகப்பு’, ‘நிகழ்ச்சிகள்’, ‘தொடர்புக்கு’ முதலிய சொற்களே அது. அதனை ‘மெனு’ என்று பலரும் சொல்லுவர். தமிழில் ‘பட்டி’ என்று வழங்குகிறோம். அப்பட்டியின் ஒவ்வொரு சொல்லும் எந்த நிறத்தில், எந்த அளவில், எவ்வளவு இடைவெளியுடன் நிற்க வேண்டும் என்பதே இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது கணிப்பொறி வல்லுநர்களின் விஷயம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டா. நமக்கு ஏன் இதில் அக்கறை பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் சங்கத்தின் இணையத்தளத்தை நம் இளைஞர்கள் சிலர் ஊதியம் ஒன்றும் பெறாமல், ஞாயிறுதோறும் உழைத்துச் சென்ற ஆண்டு புதுப்பித்துக் கொடுத்தார்கள். பொங்கல் விழாப் படமும், அழகிய நிறங்களுமாக அது திகழ்ந்தது கண்டு செயற்குழுவில் அனைவரும் கைதட்டினோம். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களும் இனி அதன் வழியாகவே பெறப்படும் என்று அறிவித்தோம். கடைசி நாள் கழிந்த மறுநாட் காலை, ஸ்ரீராமபுரத்திலிருந்து ஓர் அம்மையார் தம் மகளை அழைத்துக்கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குபவர். மகள் பி.யு.சி. தேறிக் கல்லூரியில் சேர நிற்பவள்.

“ஐயா, மூன்று இரவு தேடினோம். எங்கே எழுதுவதென்று தெரியவில்லை. நேற்றோடு முடிந்துவிட்டது என்கிறார்களே!” என்றார் அவர்.

அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். சின்னஞ்சிறு திரையில் சங்கத்தின் பெயர் இருந்தது, பொங்கல் படம் இருந்தது, பட்டியைக் காணோம். வலப்பக்க மூலையில் மங்கலாக மூன்று கோடுகள் மட்டும் தெரிந்தன. அவை ஒரு கதவு என்பதை அவ்வம்மையார் எப்படி அறிவார்? மகள் அறிந்திருந்தாள், தொட்டாள். எட்டு வரிகள் விரிந்தன. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. இரண்டாம் வரியில் ‘கல்வி’ என்று இருந்தது. அதைத் தொட்டால் குழந்தைகளுக்கான தமிழ் வகுப்புப் பக்கம் வந்தது. ஐந்தாம் வரியில் ‘கல்வி உதவி வி’ என்பதோடு சொல் அறுந்து மூன்று புள்ளிகள் நின்றன. ‘விண்ணப்பம்’ என்ற சொல் இடம் போதாமல் வெட்டுண்டு போயிருந்தது. பாடத்தில் ஐயம் கேட்கும் இடம் போலும் என்று எண்ணி அவர்கள் அதைத் தொடவே இல்லை. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதற்கும் பட்டியில் அடையாளம் ஏதும் இல்லை. ஆதலால் சுற்றிச் சுற்றி அதே ‘கல்வி’ப் பக்கத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நாம் வெட்கினோம். தவறு பலகையினுடையது, படித்தவருடையது அன்று என்று செயற்குழு தீர்மானித்துக் கடைசி நாளை ஒரு வாரம் தள்ளி வைத்தது. அந்த வாரத்தில் மேலும் சில விண்ணப்பங்கள் வந்தன. தேடிக் காணாமல், அலுவலகத்துக்கும் வராமல், ‘நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்’ என்று இருந்துவிட்டவர் எத்தனை பேரோ! கடையில் சரக்கு இல்லையென்றால் வாடிக்கைக்காரர் சண்டைக்கு வருவார். வழி தெரியாதவரோ சத்தமின்றித் திரும்பிப் போய்விடுவார். வழிப்பலகையின் பிழை கொடியதாவது இதனாலேயே.

இனி, இப்பிழை எப்படி நேர்ந்தது என்று பார்ப்போம்.

டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் 1989-ல் வைய விரிவு வலைக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1991-ல் அது உலகோர் பார்வைக்கு வந்தது. அக்காலப் பக்கங்களில் ஒப்பனை மிகக் குறைவு. பக்கத்தின் பொருள் வேறு, அதன் தோற்றம் வேறு. தோற்றத்தைத் தனித்தாளில் எழுதி வைக்கலாம் என்ற யோசனையை 1994 அக்டோபரில் முன்வைத்தவர் நார்வே நாட்டவரான ஹோகோன் வியூம் லீ. 1996 டிசம்பரில் அது ‘சி.எஸ்.எஸ்.’ என்ற பெயருடன் உலகப் பொது நெறியாயிற்று. நாம் அதனை ஒப்பனைத் தாள் என்போம். எழுத்தின் நிறம், பருமன், ஓர வெளி எல்லாம் அத்தாளில் எழுதப்படும் கட்டளைகளே.

ஒவ்வொரு தளத்துக்கும் இத்தாளைத் தொடக்கத்திலிருந்தே எழுதுவது பெருவேலை. எனவே ஆயத்தச் சட்டகங்கள் தோன்றின. அவற்றுள் மிகப் பரவலானவற்றுள் ஒன்று ‘பூட்ஸ்டிராப்’. டுவிட்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் உருவாக்கிய இச்சட்டகம் 2011 ஆகஸ்டில் யாவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளுமாறு வெளியிடப்பட்டது. நம் இளைஞர்கள் எடுத்துக்கொண்டதும் இதனையே. இதில் குறை ஒன்றும் இல்லை.

அந்த அம்மையாரின் தொழிலையே உவமையாகக் கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். சட்டகம் என்பது கடையில் விற்கும் ஆயத்த ஆடை. பொதுவான ஓர் உடலளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டது, நல்ல துணி, உறுதியான தையல். ஆனால், அளவு எடுத்தது வேறோர் உடலுக்கு. ஆங்கிலச் சொல்லை மனத்தில் வைத்து வெட்டிய சட்டையைத் தமிழ்ச் சொல்லுக்கு மாட்டினால், ஓரிடத்தில் இறுக்கும், ஓரிடத்தில் தொங்கும். அளவு பார்த்துப் பிரித்துத் தைப்பது வாங்கியவர் கடமை. நம்மவர் அதைச் செய்யத் தவறினார்கள். செய்த இடத்திலும் தையல் முறை தவறிற்று.

தையல் முறை என்றது யாது? ஒப்பனைத் தாளில் ஒரே சொல்லுக்கு இரு கட்டளைகள் வந்தால், எது செல்லும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பொதுப்படையான கட்டளையினும் குறிப்பாகச் சுட்டும் கட்டளை வலியது. ‘பட்டியில் உள்ள சொற்களெல்லாம் கறுப்பு’ என்பதைவிட, ‘சங்கப் பட்டியில், இப்போது திறந்துள்ள பக்கத்தின் சொல் சிவப்பு’ என்பது செல்லும். இரண்டும் ஒரே வலிமை உடையனவாயின், பின்னால் வந்ததே செல்லும். இதை அறியாதவர், தம் தாளைச் சட்டகத்தின் தாளுக்கு முன்னால் வைத்துவிட்டு, ‘எழுதியும் நிறம் மாறவில்லையே’ என்று தலையைச் சொறிவர். வேறு சிலர் சட்டகத்தின் மூலத் தாளிலேயே கை வைத்துத் திருத்துவர். அடுத்த பதிப்பை ஏற்றிய அன்று திருத்தமெல்லாம் அழிந்து போகும். இன்னும் சிலர் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘இதுவே முக்கியம்’ என்ற குறியைப் போட்டு வைப்பர். வீட்டில் எல்லாரும் ஒரே சமயத்தில் உரக்கப் பேசினால் யார் சொல்லும் கேளாததுபோல, எல்லா வரியும் முக்கியம் என்றால் பிறகு ஒரு வரியைத் திருத்தவும் வழியிராது. நம் தளத்தில் மூன்றாவது நோய் முற்றியிருந்தது.

நேர்வழி எளியது. சட்டகத்தின் தாளைத் தொடாமல், அதற்குப் பின்னால் நம் தாளை வைக்க வேண்டும். நம் பட்டிக்கு நாமே ஒரு பெயர் சூட்டி, அப்பெயரைச் சொல்லியே கட்டளையிட வேண்டும். பூட்ஸ்டிராப்பின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பட்டியின் நிறங்களும் இடைவெளிகளும் மாறிகளாக ஓரிடத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவ்விடத்தில் மதிப்பை மாற்றினால் பட்டி முழுதும் மாறும். பத்து இடத்தில் பிரித்துத் தைப்பதைவிட ஓரிடத்தில் நாடாவை இழுத்துக் கட்டுவது நன்றன்றோ?

அடுத்து, தமிழுக்கு அளவெடுப்பது.

ஆங்கிலத்திற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவகை உண்டு. பட்டியின் சொற்களை எடுப்பாகக் காட்ட, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் கட்டளையைப் பலர் இடுவர். தமிழில் 247 எழுத்துகள் இருந்தும் அவ்வேறுபாடு இல்லை. அக்கட்டளை தமிழில் ஏதும் செய்யாமல் வாளாவிருக்கும். சாய்வெழுத்தும் நமக்கு மரபன்று; இட்டால் இயந்திரம் நேர் எழுத்தையே ஒருபுறம் தள்ளி வைக்கும். தடித்த எழுத்துக்கெனத் தனி எழுத்துரு ஏற்றப்படாவிட்டால், இருக்கும் கோட்டையே இயந்திரம் பருமனாக்கும். அப்போது ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபட்டதுபோல ஆகிவிடும். ஆகையால் தமிழ்ப் பட்டியில் ஒரு சொல்லை உயர்த்திக் காட்ட, முறையான தடித்த எழுத்துரு, அளவு, இடைவெளி, அடியில் ஒரு பட்டைக்கோடு ஆகியவற்றையே நம்ப வேண்டும்.

உயரத்தைப் பார்ப்போம். பட்டி மெலிதாக இருந்தால் நவநாகரிகம் என்று எண்ணி நம் இளைஞர்கள் வரியின் உயரத்தை எழுத்தின் அளவுக்கே குறைத்து வைத்திருந்தார்கள். நம் எழுத்திலோ ‘கீ’ மேலே கொக்கியிடும்; ‘மூ’, ‘து’ கீழே இறங்கும். வரி குறுகினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொம்பும் முட்டும். சில இடங்களில் வெட்டுண்டும் போகும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரைப் பங்கு உயரமேனும் வரிக்கு விடுவது நன்று. நம் தளத்திற் கன்னடப் பக்கமும் உண்டு. கன்னடத்தில் ஒத்தக்ஷரம் எழுத்தின் அடியிலேயே அமர்வதால் அதற்கு இன்னும் தாராளமாக இடம் வேண்டும். அடியில் இடும் கோட்டையும் எழுத்தை ஒட்டி இட்டால், ‘கு’, ‘று’ முதலியவற்றின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டும். சற்றே இறக்கி இடுதல் வேண்டும்.

அகலம் அடுத்தது. ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லாக நிற்பது தமிழில் ‘எங்களைப் பற்றி’ என்றும், ‘உறுப்பினர் சேர்க்கை’ என்றும் இரு சொல்லாக நீளும். ஒவ்வொரு சொல்லுக்கும் இத்தனை புள்ளி அகலம் என்று கட்டிப்போட்டு, மிஞ்சியதை வெட்டிப் புள்ளி வைக்கச் சொன்னால், அந்த அம்மையாருக்கு நேர்ந்ததே நேரும். அகலத்தைச் சொல்லின் விருப்பத்துக்கு விட்டு, வேண்டுமானால் இரண்டாம் வரிக்கு மடங்கவும் இடந்தர வேண்டும். எழுத்தின் அளவையும் திரைப்புள்ளிக் கணக்கில் நிலைநிறுத்தாமல், படிப்பவர் தம் கருவியில் வைத்துள்ள அளவுக்கு ஒத்து வளருமாறு வைத்தல் வேண்டும். கண் மங்கிய பெரியவர் தம் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். அவர் விருப்பத்தை நம் தளம் மீறலாமோ?

“இத்தனை தொல்லைக்குப் பட்டியை ஆங்கிலத்திலேயே வைத்துவிடலாமே, ஐயா?” என்று இளைஞர் ஒருவர் நம்மைக் கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, தம்பியின் கேள்வியில் நியாயமும் இருந்தது. இவ்வூரிற் பிறந்து வளரும் நம் பிள்ளைகளிற் பலர் வீட்டில் தமிழ் பேசுவர்; படிக்க அறியார். அவர்களுடைய பாட்டனாரும் பாட்டியாரும் தமிழ் படிப்பர், ஆங்கிலம் அறியார். ஒரே வீட்டில், ஒரே கைப்பேசியை இருவரும் கையாள்கின்றனர். ஒருவருக்கு மட்டும் வாயில் வைத்தால் மற்றவர் வெளியே நிற்பார். ஆகவே மொழி மாற்றும் சொற்களையும் பட்டியில் தெரியும்படி வைக்க வேண்டும். தமிழ் என்பதைத் தமிழ் எழுத்திலும், கன்னடம் என்பதைக் கன்னட எழுத்திலும், ஆங்கிலம் என்பதை ஆங்கில எழுத்திலும் எழுதுவதே முறை. ஒரு மொழியைத் தேடுபவர் அம்மொழியின் எழுத்தைத்தானே தேடுவார்?

தமிழ் பட்டியில் ஏறியதும் எளிதாக நடந்ததன்று என்பதை இளைஞர் அறிதல் நலம். 1990-களின் இறுதியில் தமிழ்த் தளம் நடத்தியோர் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்தனர். அது இல்லாத கணிப்பொறியில் தமிழ் குழம்பித் தெரியும் என்பதால், பட்டியின் சொற்களைப் படமாகவே வரைந்து ஒட்டியவர் பலர். படத்தைப் பெரிதாக்கினால் மங்கும். பார்வையற்றோர்க்குப் படித்துச் சொல்லும் மென்பொருளும் அதைக் கண்டு வாய் மூடிக்கொள்ளும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாடு ஒரு பொது விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் வழி வகுத்தது. 1991-லேயே யுனிகோடில் இடம் பெற்றுவிட்ட தமிழ், விண்டோஸ் 2000 வெளிவந்தபோது ‘லதா’ எழுத்துருவுடன் நம் மேசைக்கு வந்தது. இத்தனை பேர் பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்த எழுத்தை, இடம் போதவில்லை என்று நாமே வெட்டிப் புள்ளி வைக்கலாமா?

மூன்றாவதாக, ‘நான் எங்கே நிற்கிறேன்?’ என்ற வினா. சட்டகத்தில் இதற்கென ‘ஆக்டிவ்’ என்றொரு பெயர் ஆயத்தமாக உண்டு. எந்தச் சொல்லுக்கு அப்பெயரைக் கொடுக்கிறோமோ அது வேறு தோற்றம் பெறும். ஆனால், படிப்பவர் எப்பக்கத்தில் இருக்கிறார் என்பதைச் சட்டகம் தானே அறியாது. தளத்தைக் கட்டுபவர் ஒவ்வொரு பக்கத்திலும் அதைச் சொல்ல வேண்டும். நம்மவர் முகப்புக்கு மட்டும் சொல்லி, மற்றவற்றுக்குச் சொல்ல மறந்தார்கள்.

சொல்லும்போதும் நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர், சிறப்பாக ஆண்களில், உளர். நம் நகரின் மெட்ரோ ரயிலை நோக்குக. 2011 அக்டோபர் 20-ஆம் நாள் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே முதன்முதல் ஓடத் தொடங்கிய அது, இன்று ஊதா, பச்சை, மஞ்சள் என நிறப் பெயர் கொண்ட தடங்களாக விரிந்துள்ளது. நிறம் மட்டும் அங்கே வழி சொல்வதில்லை, வண்டி போய்ச் சேரும் நிலையத்தின் பெயரும் எழுத்தில் இருக்கிறது, ஒலிபெருக்கியும் சொல்லுகிறது. பட்டியிலும் அப்படியே, திறந்துள்ள பக்கத்தின் சொல்லுக்கு நிறத்தோடு தடித்த எழுத்தும் அடிக்கோடும் வேண்டும். பார்வையற்றோரின் மென்பொருள் ‘இதுவே இப்போதைய பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்லுமாறு ஒரு மறைகுறிப்பும் வேண்டும். அக்குறிப்பு ஒரே ஒரு சொல்தான்; எழுதக் கணப்பொழுது போதும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க ஒரு கணக்கு உண்டு. வெள்ளைமேற் கறுப்பு 21-க்கு 1. இதுவே உச்சம். சாதாரண அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்று 2008 டிசம்பரில் வெளிவந்த உலக அணுகல் நெறிகள் விதித்தன. நம் நாட்டு அரசுத் தளங்களுக்கென 2009-ல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளும் அவற்றைத் தழுவியவையே. கறுப்பைப் பாதியாக நீர்த்த சாம்பல் நிறம் வெள்ளைமேல் ஏறத்தாழ 4-க்கு 1 தான் தரும், அதுவே போதாது. நம் தளத்தில் இருந்ததைப் போன்ற பளிச்சென்ற மஞ்சள் வெள்ளைமேல் 1.1-ஐயும் எட்டாது. மங்கலகரமான நிறம் என்று நாமே சொல்லி வைத்த மஞ்சள் அது. பழி இளைஞர் மேல் மட்டும் இல்லை.

விரலுக்கும் அளவு உண்டு. 2023 அக்டோபரில் வந்த நெறிகள், தொடும் இடம் 24 புள்ளிக்கு 24 புள்ளியேனும் இருத்தல் வேண்டும் என்கின்றன. 44 இருந்தால் மேல். ஊசி பிடித்துக் காய்த்த விரலுக்கு 44-ஐயே நாம் கொள்வோம். சுட்டியை மேலே கொண்டுவந்தால் நிறம் மாறும் வித்தை கைப்பேசியில் செல்லாது என்பதையும் நினைவிற் கொள்க. விரல் மிதப்பதில்லை, தொடுகிறது.

அந்த மூன்று கோடுகளுக்கு வருவோம். 1981-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார்’ கணிப்பொறிக்காக நார்ம் காக்ஸ் என்பார் வரைந்த குறி அது. இடம் குறைந்த கைப்பேசிகள் வந்தபின் எங்கும் பரவிற்று. பூட்ஸ்டிராப் பட்டியில் பலர் வைக்கும் ஏற்பாட்டின்படி, திரை 992 புள்ளிக்குக் குறைந்தால் பட்டி முழுதும் அக்கோடுகளுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். பழகியவருக்கு அது கதவு; பழகாதவருக்குக் கோலம். அதன் பக்கத்தில் ‘பட்டி’ என்றோ ‘மெனு’ என்றோ ஒரு சொல் எழுதி வைத்தால் குறை பாதி தீரும். எல்லாருக்கும் வேண்டிய ஒன்றிரண்டு சொற்களை ஒளிக்காமல் வெளியிலேயே நிறுத்தினால் மீதியும் தீரும்.

இவையெல்லாம் சேர்ந்து நமக்கு உணர்த்தியது ஒன்றே. பட்டியின் ஒப்பனை அலங்காரம் அன்று, அது விருந்தோம்பல். வாயிலில் கோலமிடுவது அழகுக்காக மட்டுமா? ‘இங்கே ஆள் இருக்கிறோம், வருக’ என்று சொல்லவும் அன்றோ? அயலூரில் வழி தெரியாமல் நின்ற அனுபவம் உடைய நாம், நம் வாயிலில் பிறரை அவ்வாறு நிற்கவைப்பது பொருந்தாது.

நம் இளைஞர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்தம் முடிந்தது. எட்டுச் சொற்கள் ஐந்தாயின. ‘கல்வி’ என்றிருந்தது ‘தமிழ் வகுப்பு’ என்றாயிற்று. வெட்டுண்டு கிடந்தது ‘கல்வி உதவித்தொகை’ என முழுச் சொல்லாகி, மூன்று கோடுகளுக்கு வெளியே வந்து நின்றது. கருநீல எழுத்து, வெண்மையான பின்னணி, திறந்த பக்கத்துக்குத் தடித்த எழுத்தும் அடிக்கோடும். மூன்றாம் ஞாயிறு அந்த அம்மையாரையே அழைத்து, அவருடைய கைப்பேசியிலேயே திறந்து பார்க்கச் சொன்னோம். யாரும் வாய் திறந்து உதவக் கூடாது என்பது ஏற்பாடு. அவர் ஒரு கணம் பார்த்தார்; ஒரே தொடுதலில் விண்ணப்பப் பக்கத்தில் இருந்தார். இளைஞர்கள் கைதட்டினார்கள்.

அவர் கைதட்டவில்லை. திரையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எழுத்து இன்னும் ஒரு நூல் பெரிதாக இருக்கலாம், தம்பி” என்றார். அன்று மாலையே ஒரு நூல் பெரிதாக்கப்பட்டது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வூரில் இணையத்தளம் கட்டும் தொழிலிலேயே இருக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் அநேகர். இன்றிரவு உணவுக்குப் பின், உங்கள் மகனோ மகளோ கட்டிய தளம் ஒன்றை வீட்டிலுள்ள மூத்தவர் கையிற் கொடுங்கள். ஒரு பக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். தயங்கிய இடத்தைத் திருத்திவிட்டு நமக்கு ஒரு வரி எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றை வெளியிடுவோம். நம் தளத்தில் இன்னும் எங்கேனும் இடறினீர்களாயின் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.